555 நோட்டில் ஒரு வரி



போன மாசி மகத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு போன் வந்தது. மலாக்கா பாச்சாங்கில் கேட்டரிங் செய்யும் அக்கா ஒருவர் பேசினார். "தம்பி, என் அகப்பக்கத்தைத் திறந்தா சூதாட்ட விளம்பரம் வருது. கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கிறவ நான். இதப் பாத்தா எனக்கு யாரு ஆர்டர் குடுப்பா?"

நேரில் போனேன். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு மேசை. அண்டா மூடி, ரசீதுப் புத்தகம், உரித்த பூண்டு, நடுவில் ஒரு மடிக்கணினி. முகவரியைத் தட்டினேன், அவர் சொன்னதுதான் வந்தது. யாரும் உள்ளே புகுந்து கெடுக்கவில்லை, வைரஸும் இல்லை. டொமைன் என்று சொல்கிறோமே, அந்தத் தளப்பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டுப்போயிருந்தது. பெயர் காலாவதியாகி, எங்கோ இருக்கும் ஒருவர் அதை வாங்கிவிட்டார்.

நினைவூட்டல் மின்னஞ்சல்கள் ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் வந்தது அக்காவுக்கு அல்ல, பக்கத்தைக் கட்டிக்கொடுத்த பையனின் பழைய முகவரிக்கு. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருடக்கணக்காகிறது. அந்த முகவரியை அவரே திறப்பதில்லை. உரிமையாளர் என்று பதிவாகியிருந்ததும் அவர் பெயர்தான்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அகப்பக்கம் கட்டும் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். எல்லாப் பெயரையும் என் பெயரில், என் கார்டில் எடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். கடைக்காரரிடம் ஐந்து முறை கேட்டு அலைய வேண்டியதில்லை.

கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால் லைசென்ஸ் எடுக்கிறோம், வருடா வருடம் புதுப்பிக்கிறோம். பலகையை எழுதிய பெயிண்டரின் பெயரிலா அந்த லைசென்ஸை எடுப்போம்? அகப்பக்கம் என்று வந்தால் மட்டும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் டாட் காம் பெயர் ஒரே நாளில் கைவிட்டுப் போவதில்லை. தேதி முடிந்தாலும் பதிவு நிறுவனம் பொதுவாகச் சில வாரம் பொறுக்கும். அதற்குப் பிறகு மீட்டெடுக்க 30 நாள் உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்கு. கடைசி 5 நாளில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். வருடத்துக்கு ஐம்பது அறுபது வெள்ளி சமாச்சாரம். அக்காவின் வேன் கதவிலும், அழைப்பு அட்டையிலும், அண்டா மூடியிலும்கூட அந்த முகவரிதான் எழுதியிருந்தது.

இது அக்கா ஒருவரின் கதை இல்லை. 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, மலாக்காவில் இருந்த தையல் கடை, பூக்கடை, மசாலை மில் எல்லாம் ஒரே நேரத்தில் இணையத்துக்கு ஓடின. சிறு தொழில் இணையத்துக்கு மாற, செலவில் பாதியை 5,000 வெள்ளி வரை மானியமாகத் தரும் அரசுத் திட்டமும் இருந்தது. கட்டுவதற்கு ஆள் வந்தார்கள். காப்பதற்குத்தான் ஆள் வரவில்லை.

நான் கட்டுவது பெரும்பாலும் வேர்ட்பிரஸில். அமெரிக்காவில் மேட் முல்லன்வெக், இங்கிலாந்தில் மைக் லிட்டில். இருவரும் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு வலைப்பதிவு நிரலை எடுத்துத் திருத்தி 2003 மே மாதம் வெளியிட்டார்கள். நாட்குறிப்புபோல எழுதுகிறவர்களுக்காக வந்தது அது. இன்று உலகத் தளங்களில் பத்தில் நான்கு அதில்தான் ஓடுகின்றன. சிறு கடைக்கு அது பொருந்துவதற்குக் காரணம் அந்த நாட்குறிப்புக் குணம்தான். இன்றைக்கு எழுதியது மேலே நிற்கும், விலை மாறினால் கடைக்காரரே கைப்பேசியில் மாற்றிவிடலாம்.

நிரல் இலவசம். அதனால் பராமரிப்பும் இலவசம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2017 ஜனவரி 26-ஆம் தேதி வேர்ட்பிரஸ் ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அதில் எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்பதை ஒரு வாரம் வெளியே சொல்லவில்லை, எல்லாரும் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று. சொன்ன சில நாளில், புதுப்பிக்காமல் கிடந்த தளங்களில் புகுந்து லட்சக்கணக்கான பக்கங்களை அழித்து எழுதினார்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தாமல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். பேக்கப் விஷயமும் இப்படித்தான். படங்கள் ஓரிடத்திலும் எழுத்துகள் தரவுத்தளம் என்ற இன்னோரிடத்திலும் இருக்கும். படக் கோப்புறையை மட்டும் பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் என்ன எழுதுவது? அக்காவின் புதுப் பக்கத்துக்கு முதலில் நான் எழுதியது, "தரமும் சுவையும் எங்கள் தாரக மந்திரம்." ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு அவரையே புலனத்தில் குரல் பதிவு அனுப்பச் சொன்னேன். "சாம்பார் விடியக் காலையில நாலு மணிக்கு ஏத்துவோம். நூறு பேருக்குக் கொறஞ்சா வேன் கூலி தனி. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வரைக்கும் வருவோம்." அதை அப்படியே தட்டிப் போட்டேன். போன் வர ஆரம்பித்தது. அலங்காரத்தைப் படித்து யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை, வேன் கூலியைத்தான் கேட்கிறார்கள்.

ஊர்ப் பெயரிலும் எங்களுக்கு ஒரு தொல்லை. பாச்சாங் என்பது மலாய்க்காரர்களுக்கு வாசம் தூக்கும் ஒரு மாங்காய் இனம். சீனர்களுக்கோ இலையில் கட்டி அவிக்கும் பலகாரம். ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பலகாரச் செய்முறை வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் "பாச்சாங், மலாக்கா" என்று சேர்த்தே எழுதுகிறோம். தமிழ்ப் பெயரைப் படமாகப் போடுவதும் இல்லை. முத்து நெடுமாறன் இந்த மலேசிய மண்ணில் முரசு அஞ்சல் செய்து தமிழைக் கணினியில் ஏற்றிய பிறகு, யூனிகோடும் நிலைத்த பிறகு, விலைப்பட்டியலைப் போஸ்டராக ஒட்டிவிட்டுத் தேடலில் வரவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

எல்லாருக்கும் அகப்பக்கம் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் நாசி லெமாக் விற்கிறவருக்கு முகநூலும் ஒரு பெயர்ப்பலகையும் போதும். அவரிடம் காசு வாங்க எனக்கு மனம் வராது. வெளியூர்க்காரர் தேடி வரும் தொழில், முன்கூட்டியே ஆர்டர் எடுக்கும் தொழில், இவற்றுக்குத்தான் சொந்தப் பக்கம் தேவை.

அக்காவின் பழைய பெயர் திரும்பவில்லை. பழைய பதிவுகளில் கொஞ்சம் இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது, படங்கள் அவர் கைப்பேசியில் இருந்தன. எஸ்எஸ்எம் தொழில் பதிவைக் காட்டி, டாட் காம் டாட் எம்ஒய் என்று முடியும் பெயரை அவர் தொழிலின் பெயரிலேயே எடுத்தோம். வேன் கதவில் புது ஸ்டிக்கர் ஒட்டினார். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயிலுக்கு அந்த வேன்தான் சாப்பாடு ஏற்றிப் போனது.

மளிகைக் கடையில் கடன் எழுதுகிற 555 நோட்டு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அகப்பக்கம் வைத்திருக்கும் நேயர்கள் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். கட்டிக்கொடுத்தவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: பெயர் யார் பேரில் இருக்கிறது, நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது, எந்தத் தேதியில் முடிகிறது. பதிலை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கல்லாப்பெட்டியில் வையுங்கள். பெயர் உங்கள் பேரில் இல்லை என்றால், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் கடை.