தண்ணிக்குள்ள நின்னும் தாகத்துல சாகுது பயிர்!
(நொய்யல் பாசனப் பகுதி விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம தோட்டத்துல ஈரம் இருக்குது, பயிர் மட்டும் வாடுது. ஆபீசுல போய்க் கேட்டா, "இன்னும் நல்லா தண்ணி கட்டுங்க, உரம் போடுங்க"ன்னு சொல்றாங்க. இது சரிதானுங்களா?

மாங்காய் ஊறுகா போடற தாய்மாருக்குத் தெரியும். நறுக்கின மாங்காயில உப்பைப் போட்டா தண்ணி விடும், துண்டு சுருங்கும். அதே உலர்ந்த திராட்சையை நல்ல தண்ணியில போட்டா உப்பும். செல்லைச் சுத்தி இருக்கிற மெல்லிய சவ்வு தண்ணியை விடும், உப்பை லேசில் விடாது. உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணி அந்தப் பக்கம் போகும். மண்ணுல உப்பு ஏறிட்டா வேரால தண்ணியை இழுக்க முடியாது. ரொம்ப ஏறினா, வேருல இருக்கிற தண்ணியும் வெளியே போயிரும். உரமும் ஒரு உப்புதானுங்க. அதை மேலும் கொட்டினா கேடுதான்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தித் துணியில சாயம் ஏற உப்பைக் கொட்டறாங்க. சாயம் துணியில ஒட்டும். உப்பு கழிவுத் தண்ணியோட போகும். 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதிலா சாயக்கழிவுத் தேக்கமா ஆச்சு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நம்ம போராட்டத்தோட பலன். ஆனா மண்ணுல இறங்கின உப்பு, உத்தரவைப் பார்த்துட்டு எழுந்து போயிடாது.

ஒரு கணக்குப் போடுங்க. கழிவுநீருக்கு அனுமதிச்ச அளவே லிட்டருக்கு 2100 மில்லிகிராம் கரைந்த உப்பு. அந்தத் தண்ணியை ஏக்கருக்கு ஒரு அங்குலம் கட்டினா சுமார் ஒரு லட்சம் லிட்டர். அதுல 200 கிலோ உப்பு, அதாவது நாலு மூட்டை! தண்ணி ஆவியாப் போகும், உப்பு தங்கும்.

ஜிப்சம் மட்டும் போட்டா தீராது. அது களிமண்ணுல ஒட்டின சோடியத்தைக் கிளப்பும். கிளம்பினதை அலசி வெளியேத்த நல்ல தண்ணியும் வடிகாலும் வேணும்.

ஆகவே நம்ம கோரிக்கை:

1. கிணறுதோறும் உப்பளவு சோதித்து, ஊர் பொது இடத்தில் எழுதி ஒட்டு!
2. மண்ணை அலச நல்ல தண்ணீர் கொடு, வடிகால் வெட்டு!
3. உப்பு வெளியேறும் வரை ஆண்டுதோறும் இழப்பீடு கொடு!

சலுகை கேட்கலை, கெடுத்த மண்ணைத் திருப்பிக் கேட்கிறோம். ஒன்றுபடுவோம்! வெற்றி பெறுவோம்!