கல்யாணத்துக்கு மறுநாள் என்ன மிஞ்சியது?

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



கல்யாணச் செலவும் கடனும் பற்றி இன்றைக்குப் பேச வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். சட்டம் தெரிந்தவர்கள் எனக்குப் பிறகு பேசுவார்கள். கடன் வாங்காமல் கல்யாணம் முடித்த ஒருத்தி முதலில் சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் என் கல்யாணக் கதையையே சொல்கிறேன். அதில் கணக்கும் இருக்கிறது.

எனக்குக் கல்யாணம் நடந்தது 2010 தை மாதம். அதற்கு நாலு மாதம் முன்னால், 2009 செப்டெம்பரில், 500 ரூபா சம்பளம் கேட்டுப் போராடினோம். ஒப்பந்தத்தில் எல்லாம் சேர்த்து 405 ரூபா கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மலைக்குப் போனோம், அப்பா கவ்வாத்து வேலைக்குப் போனார். காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதற்குள் அப்பாயியோடு சேர்த்து ஏழு பேர். மணவறை வைக்க அங்கே இடம் ஏது? டவுனில் மண்டபம் எடுக்கலாம் என்று மாமா ஒருவர் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம லயத்து வாசல் என்ன, சின்ன எடமா?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் லயமும் எதிர் லயமும் முகம் பார்த்து நிற்கும். நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிற வாசல். அதுதான் என் கல்யாண மண்டபம்.

மூன்று நாள் முன்னால் பந்தக்கால் நட்டார்கள். கவ்வாத்துக்காரர்கள் வேலை முடிந்து வந்து, கத்தியைத் தீட்டி, ஓடைக்கரையில் மூங்கில் வெட்டிச் சுமந்து வந்தார்கள். எங்கள் உயரத்தில் தென்னை இல்லை, வாழையும் சரியாக வராது. கினிகத்தேனைப் பக்கம் கட்டிக்கொடுத்த பெரியம்மா வீட்டிலிருந்து தென்னோலையும், குலையோடு இரண்டு வாழையும், ஒரு சாக்கு மாவிலையும் பஸ் கூரையில் வந்தன. பூவுக்கு யாரும் டவுனுக்குப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டேலியாவும் செவ்வந்தியும் இருந்தன. "என் செடியில ஒண்ணு விடாம பறிச்சிட்டாளுக" என்று எதிர் லயத்துப் பாட்டி இன்றைக்கும் என்னைத் திட்டுவார். அன்றைக்குக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்!

காய்கறியும் அப்படித்தான். கோவா, கரட், போஞ்சி, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று அவரவர் தோட்டத்தில் இருந்ததைக் கொண்டுவந்து எங்கள் இஸ்தோப்பில் கொட்டினார்கள். காய்கறியைக் கொடுத்தவர்கள் மொய் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதனால் கையில் காசில்லாத வீடும் வெட்கப்படாமல் பந்தலுக்கு வந்தது.

சனிக்கிழமை ராத்திரி யாரும் தூங்கவில்லை. பீலியடியில் அரிசி கழுவினார்கள். லயத்துக்குப் பின்னால் கல் கூட்டி நாலு அடுப்பு. விறகு கவ்வாத்து மலையில் கிடந்த மிலாறு. தை மாதத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும், கை மரத்துப் போகும். அதனால் அடுப்படியில்தான் கூட்டம். தேங்காய் துருவினது, பாட்டுப் பாடினது, என்னைக் கேலி செய்தது எல்லாம் அங்கேதான். ஆம்பிளைகள் பந்தலுக்கு மேலே படங்கு கட்டினார்கள். பெக்டரியில் கழித்துப்போட்ட பழைய தார்ப்பாய் ஒன்றைத் தோட்டத் தலைவர் துரையிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசு நாள். மலைக்குப் போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கையிலே காசு வரும். அன்றைக்கு எங்கள் லயத்துப் பெண்கள் ஒருத்தர்கூட மலைக்குப் போகவில்லை. அந்தக் காசை யாரும் மொய் நோட்டில் எழுதவில்லை. நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிற மொய் அதுதான்.

என்னை அலங்காரம் செய்தது பக்கத்துக் காம்பராவில். எங்கள் காம்பராவில் அரிசி மூட்டையும் அண்டாவும் நிறைந்துவிட்டன. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பிரசாரம் முடிந்திருந்ததால் லவுட் ஸ்பீக்கர் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. நாதஸ்வரக்காரர் இரண்டு பேர், எங்கள் தோட்டத்துத் தப்புக்காரர்கள் நாலு பேர். மாப்பிள்ளை வீட்டார் கீழ்ப் பிரிவிலிருந்து தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி வந்தார்கள். பனி மூட்டத்தில் ஆள் தெரியவில்லை. தப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு பந்தம் தெரிந்தது, அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை.

தாலி கட்டி முடிந்து அரைமணி நேரத்தில் ஒரு மழை. பந்தலின் ஒரு பக்கம் படங்கு கிழிந்து, சாப்பாட்டுப் பந்தியின் மேலே தண்ணீர் கொட்டியது. ஒரு நிமிஷம் எல்லோரும் திகைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் பெண்கள் ஓடி, மலையில் இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு படங்கைச் சேர்த்துக் கட்டிக் கூரை போட்டாயிற்று. இலையில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. என் கல்யாண போட்டோவில் பார்த்தால் மேலே வாழைமரம், மாவிலைத் தோரணம், நடுவில் தேயிலைக் கறை பிடித்த படங்குகள். அந்தப் போட்டோவைப் பார்த்து என் மகள் சிரிப்பாள். "இந்தப் படங்கு எல்லாம் ஆரோடது" என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தாலியும் கூறையும் மாப்பிள்ளை வீட்டார் செலவு. எங்கள் பக்கம் அரிசி சாமான் 21,000 ரூபா. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, வீட்டாருக்குத் துணிமணி 12,000. நாதஸ்வரம், ஸ்பீக்கர், போட்டோ 8,000. ஐயருக்கும் மாலைக்கும் 4,000. போக்குவரத்தும் சில்லறையும் 3,000. மொத்தம் 48,000 ரூபா. லயத்துப் பெண்கள் இருபது பேர் மாதம் 1,500 ரூபா போட்ட சீட்டில் அம்மாவுக்கு 30,000 வந்திருந்தது. மொய் 17,500. மீதி 500 ரூபா அப்பா கையிலிருந்து போனது. கடையில் அரிசிக்கு நின்ற பாக்கியை அன்றைக்குச் சாயந்தரமே மொய்ப் பணத்தில் தீர்த்தோம். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் கடன்காரர் யாரும் நிற்கவில்லை.

இன்றைக்கு என்ன நடக்கிறது? எங்கள் பிரிவிலேயே ஒரு வீட்டில் டவுன் மண்டபம், வீடியோ, மேடை அலங்காரம் என்று 3 இலட்சம் ரூபா கடனுக்குக் கல்யாணம் செய்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், நல்ல மனிதர்கள். 2024 செப்டெம்பரில் நம் நாள் சம்பளம் 1,350 ரூபா ஆனது. சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிப்பதற்கு முன்னால், அந்தச் சம்பளத்தில் ஒரு சதமும் சாப்பிடாமல் கட்டியிருந்தாலும் 3 இலட்சத்துக்கு ஏறத்தாழ 222 நாள் வேண்டியிருந்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் ஒன்பது மாதம். எங்கள் மலையில் ஒரு பேருக்கு 18 கிலோ. அப்படியென்றால் ஏறத்தாழ 4,000 கிலோ கொழுந்து. வட்டியை நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்தக் கொழுந்தைப் பறிப்பது யார்? கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும்தான். கிழமைக்கொரு தடவை நுண்கடன்காரர் வரும்போது இஸ்தோப்பில் நிற்பதும் அவர்கள்தான்.

தங்கச்சிமாரே, உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. மண்டபத்தில் மழை கொட்டாது, கக்கூசுக்கு வரிசை நிற்க வேண்டாம். என் கல்யாணத்தில் முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள், கக்கூஸ் நாலுதான் இருந்தது. அதெல்லாம் கஷ்டம்தான். கையில் காசிருந்தால் மண்டபம் எடுங்கள். கடன் வாங்கி எடுக்காதீர்கள். "லயத்து வாசல்ல கல்யாணமா" என்று டவுனில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் கடனுக்கு அவர்கள் ஒரு தவணை கட்டப் போவதில்லை.

இன்னொரு விஷயம், எழுத்து. அதாவது கல்யாணப் பதிவு. எங்கள் தோட்டத் தலைவர் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "எழுத்து முடிச்சாத்தான் நான் பந்தலுக்கு வருவேன்" என்று. முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்து, கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பதிவாளரிடம் போனோம். அவரும் என் தாய்மாமனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் ஏன் அப்படிக் கண்டிப்பாக இருந்தார் என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

என் சின்னம்மா கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர். எழுத்து இல்லை. சித்தப்பா திடீரென்று காலமானார். சேமலாப நிதிக்கு யாருடைய பெயரும் கொடுத்திருக்கவில்லை. முப்பது வருடம் அவர் சம்பளத்தில் பிடித்த காசும் தோட்டம் கட்டின 12 வீதமும் அங்கே இருந்தது. ஆனால் "நீங்கதான் மனைவின்னு என்ன அத்தாட்சி" என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். கோயிலில் கட்டின தாலியைச் சட்டம் அடியோடு மறுப்பதில்லை. ஆனால் அதை நிரூபிக்கிற பாரம் நம் தலையில் விழுகிறது. கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி, சாட்சிகள் என்று சின்னம்மா இரண்டு வருடம் அலைந்தார். அலைந்த ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போனது, பஸ் காசும் போனது.

அதனால் மூன்று காரியத்தை மறக்காதீர்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். 1995 முதல் அதுதான் சட்டம். பந்தக்கால் நடுவதற்கு முன்னால் எழுத்தை முடியுங்கள். கல்யாணம் முடிந்ததும் சேமலாப நிதியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வேலையை விட்டு நிற்கிற பெண், கல்யாணத்தைக் காரணம் காட்டித் தன் சேமலாப நிதியை எடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கும் பதிவுச் சான்றிதழ்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு நாள் சாப்பாட்டுக்காக வேலையை விட்டு அந்தக் காசை எடுக்காதீர்கள் என்று ஒரு அக்காவாகச் சொல்கிறேன். அது வயதான காலத்துக்குச் சேர்த்த காசு.

கடைசியாக ஒன்று. என் கல்யாணம் திறந்த வாசலில் நடந்தது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகுக்காக நாங்கள் அங்கே நடத்தவில்லை. வீட்டுக்குள்ளே இடம் இல்லை, அதுதான் காரணம். அன்றைக்கு ராத்திரி நான் போய்ச் சேர்ந்த இடமும் 10 அடிக்கு 12 அடிதான். மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் இருந்த காம்பராவில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டித் திரை போட்டார்கள். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்தத் திரைக்குப் பின்னால் தொடங்கியது. ஆறு வருடம் அப்படியே இருந்தோம். இங்கே இருக்கிற அக்காமாரில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதை. ஆம்பிளைகளும் மேடையில் இருப்பதால் இதைச் சத்தமாகச் சொல்கிறேன். 7 பேர்ச்சஸ் காணியும் உறுதிப் பத்திரத்தோடு தனி வீடும் கேட்கும்போது நாம் ஆடம்பரம் கேட்கவில்லை. புதிதாகக் கல்யாணம் முடித்த இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை கேட்கிறோம். அந்தக் கோரிக்கையைச் சங்கம் விடக்கூடாது, நாமும் விடக்கூடாது.

அதுவரைக்கும் நம்மிடம் இருப்பது லயத்து வாசல். அதில் பந்தல் போடக் கவ்வாத்துக் கத்தி இருக்கிறது, சமைக்க மிலாறு இருக்கிறது, மழை வந்தால் பிடிக்கப் படங்கு இருக்கிறது. வருகிற ஆவணியில் எங்கள் லயத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்கப் போனவர், மாதர் சங்கத்தில் பேசிய பிறகு திரும்பி வந்துவிட்டார். எழுத்துக்கு அறிவித்தல் கொடுத்தாயிற்று. தேங்காய் துருவ இப்போதே பதினாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். உங்கள் தோட்டத்திலும் மாதர் சங்கம் கூடுகிற அடுத்த நாளில் இந்தப் பேச்சை எடுங்கள். அடுத்த கல்யாணம் யார் வீட்டில் என்று கேளுங்கள், சீட்டை இப்போதே தொடங்குங்கள்.