புத்தகம் யார் பெயரில்?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டுக் களத்தில் இப்போது சம்பளப் பேச்சோடு இன்னொரு பேச்சும் கேட்கிறது. அது மோட்டார் சைக்கிள். கடைசி பஸ் போய்விட்டால் டவுனிலிருந்து நடந்துதான் வர வேண்டும். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோவுக்கே ஒரு நாட்சம்பளம் போய்விடும். ஆகவே பைக் ஆடம்பரம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வாங்குங்கள். எப்படி வாங்குவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

நம் மலையில் ஓடும் மலிவு விலை பைக்குகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வந்தவை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. புது பைக் வரவில்லை, பழைய பைக்கின் விலை ஏறியது. அந்தக் காலத்தில் நம்மவர்கள் பலர் ‘ஓப்பன் பேப்பரில்’ வாங்கினார்கள். விற்பவர் மாற்றுப் பாரத்தில் கையெழுத்து வைப்பார், வாங்குபவர் பெயர் வெறுமையாக இருக்கும். அந்தக் காகிதம் கைமாறிக் கைமாறி வரும். பைக் நம் வாசலில் நிற்கும். புத்தகத்தில் பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

நம் தோட்டத்திலேயே ஒரு தாய், காலமெல்லாம் கொழுந்து பறித்துக் கிடைத்த ஈ.பி.எப். காசில் மகனுக்கு அப்படி ஒரு பைக் வாங்கிக் கொடுத்தார். எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் டவுனில் வைத்து லீசிங் கம்பனி ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முந்திய சொந்தக்காரர் தவணை கட்டி முடிக்கவில்லை. மகன் கையில் இருந்தது புத்தகத்தின் போட்டோ கொப்பி. மூலப் புத்தகம் கம்பனியிடம். காசு கொடுத்ததற்குத் துண்டுகூட இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். வாங்கும் முன்னே அந்தத் தாய் காகிதங்களை எங்களிடம்தான் கொண்டுவந்து காட்டினார். “சீல் இருக்கிறது, சரிதான்” என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்கள். ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்துவிட்டது. புது பைக் வாங்கினால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதல் பதிவைப் பெரும்பாலும் விற்கும் கம்பனியே செய்து தரும். பதிவுச் செலவு விலையில் சேர்ந்ததா என்று முதலில் கேளுங்கள். பைக்கில் வெட்டியிருக்கும் செசி இலக்கம், என்ஜின் இலக்கம் இரண்டையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து பிழைத்தாலும் பிறகு அலைச்சல். சுங்கக் காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள். அதைப் பதிய முடியாது, பதியாத பைக் ரோட்டில் ஓட முடியாது.

பழைய பைக் என்றால் மூலப் புத்தகத்தைப் பாருங்கள். பதிவு உரிமையாளர் யார், முழு உரிமையாளர் யார் என்று இரண்டையும் பாருங்கள். லீசிங் முடிந்ததென்று வாயால் சொன்னால் போதாது, கம்பனியின் பெயரை நீக்கிய காகிதம் வேண்டும். பெயர் மாற்ற வாங்குபவருக்கு எம்.டி.ஏ. 6, விற்பவருக்கு எம்.டி.ஏ. 8 என்று பாரங்கள் உண்டு. விற்பவர் 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்கிற தம்பிமாரும் கேளுங்கள். நீங்கள் விற்ற பைக் யாரையாவது அடித்தால், பொலிஸ் முதலில் தேடி வருவது உங்கள் லயத்துக்குத்தான்.

பாரத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். விளங்காத மொழியில் இருந்தால் தமிழ்ப் பாரம் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

பதிந்த பிறகும் வேலை இருக்கிறது. காப்புறுதி குறைந்தது மூன்றாந்தரப்புக்காவது வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஓட்டுபவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். காசு அம்மாவுடையது, புத்தகம் மகன் பெயரில், அல்லது புருஷன் பெயரில். ஏன்? லைசன் இல்லாதவர் பெயரிலும் பைக்கைப் பதியலாம், ஓட்டத்தான் லைசன் வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்தவர் பெயர் புத்தகத்தில் இருப்பதில் ஒருவருக்கும் குறைச்சல் இல்லை.

கடைசியாக விலாசம். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் நம் கடிதங்கள் தோட்ட ஒபீசில் தங்கிவிடுகின்றன. பதிவுக் காகிதமும் அப்படித் தொலையலாம். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வீட்டு இலக்கம், டிவிசன், தோட்டம், தபால் நிலையம் எல்லாவற்றையும் முழுதாக எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி விலாசம் வேண்டும் என்பது நம் சங்கத்தின் கோரிக்கை. காணியோடும் வீட்டோடும் சேர்த்து அதையும் விடாமல் கேட்போம்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருப்போம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வராதீர்கள், கொடுக்கும் முன்னே காகிதத்தோடு வாருங்கள். இந்த முறை சீலை மட்டும் பார்த்துவிட்டு அனுப்ப மாட்டோம். ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்வோம்.