உடல் பேணலும் உள்ளம் பேணலும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் முன்னோருள் பெரும்பாலோர் வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏர் பிடித்து வாழ்ந்தவர்கள். உடற்பயிற்சி என்று தனியே ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பணியின் பொருட்டுத் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதிக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளோ, புறநகர் மின்சார ரயிலில் சென்னைக்குச் சென்று பயில்கிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் 45 கிலோமீட்டருக்கும் மேல். விடியலில் புறப்பட்டு, வகுப்பில் அமர்ந்து, இருட்டிய பின் திரும்பி, மீண்டும் கைப்பேசியின் முன் அமர்கிறார்கள். உடல் உழைக்காமலே உள்ளம் களைக்கிறது. உறக்கம் கெடுகிறது, தேர்வு நெருங்கினால் அச்சம் பெருகுகிறது. நாமோ அதைச் சோம்பல் என்று கடிந்து, “விளையாடியது போதும், படி” என்கிறோம். உள்ளத்தைத் தாங்கும் தூணையே இவ்வாறு அகற்றிவிடுகிறோம்.

1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோயுற்ற 50 வயது கடந்த 156 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு மருந்து, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றிருந்தனர். மருந்து சற்று விரைவாகப் பயன் தந்தது. அவர்கள் மாணவர்கள் அல்லர். எனினும், நடக்கையில் மூளைக்குக் குருதியோட்டம் மிகுவதும், இறுக்கம் தளர்வதும், இரவில் உறக்கம் ஆழ்வதும் எல்லா வயதினர்க்கும் பொது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வயது வந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேர விரைநடையை வாரத்தில் ஐந்து நாள் மேற்கொண்டால் அதன் கீழெல்லை நிறைவேறும்.

துறவை உயர்த்தும் நம் சமயத்தில் உடலைப் பேணுவதற்கு இடமுண்டா என்று இளைஞர்கள் கேட்கலாம். வினைக் கட்டுக்குரிய காரணங்கள் ஐந்தனுள் பிரமாதமும் ஒன்று. மடியும் விழிப்பின்மையும் அதனுள் அடங்கும். நம் முனிவர்கள் ஊர்தி ஏறாது நாடெங்கும் நடந்தே செல்கிறார்கள். ஈரியா சமிதியின்படி நான்கு முழத் தொலைவு நிலம் நோக்கி அடி வைக்கிறார்கள். காயோத்சர்க்கத்தில் அசையாது நிற்கும் ஆற்றலும் பழக்கப்பட்ட உடலுக்கே வாய்க்கும். தவம் என்பது உடலை ஆள்வது. அதைப் பாழாக விடுவதன்று. செவியில் கருவி மாட்டாமல், எறும்பையும் மிதியாமல், அடி வைக்குமிடம் நோக்கி அரை மணி நேரம் நடக்கும் மாணவனுக்கு உடற்பயிற்சியும் அகிம்சைப் பயிற்சியும் ஒருங்கே கிட்டும். தேர்வைப் பற்றிய கவலையும் அந்த அரை மணி நேரம் அவனை விட்டு விலகி நிற்கும்.

எங்கே நடப்பது, எப்போது நடப்பது என்பது நியாயமான கேள்வி. லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரம் அதற்கு ஏற்றதன்று. புகை குறைந்த உட்தெருக்களும் கல்லூரி மைதானமுமே ஏற்றவை. இரவுண்ணா நோன்பு காப்போர், வீட்டிலிருந்து கொண்டு சென்ற மாலை உணவைக் கதிரவன் மறையுமுன் கல்லூரியிலேயே முடித்து, சற்று இளைப்பாறி, ரயில் நிலையம் வரை நடக்கலாம். மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் அவளுடன் சேர்ந்தே நடக்கட்டும். வீட்டில் பேசத் தயங்கும் செய்திகளை மகள் வழிநடையில் பேசுவாள்.

ஒன்றை மறவாதீர்கள். வாரக்கணக்கில் நீங்காத துயரத்திற்கும், உயிர்மேல் வெறுப்பு கொள்ளும் எண்ணத்திற்கும் நடைப்பயிற்சி மட்டும் மருந்தாகாது. அப்போது மருத்துவரை நாடுவது இழுக்கன்று. டெலி மானஸ் எனும் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை. எவ்வுயிர்க்கும் இரங்கும் அறம் தன் உயிரையும் உள்ளடக்கியதே.

நிறைவாக, நம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு ஞாயிறு நம் மாணவ மாணவியரை ஒன்றுகூட்டி, புழல் ஆதிநாதர் ஆலயத்திற்கும், திருத்தணி வட்டத்து அருங்குளம் தர்மநாதர் ஆலயத்திற்கும் அழைத்துச் செல்வோம். கடைசிச் சில கிலோமீட்டரையேனும் நடந்தே கடப்போம். மூத்தோர் நாமும் உடன் செல்வோம். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் கால்களையே பின்பற்றுவார்கள்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!