தள்ளிப்போன பத்து நாட்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



புதிய அறுவை சிகிச்சை அறையின் பிரதிஷ்டைக்கு அழைப்பிதழ் அனுப்பிவிட்டு, பிறகு அதைப் பத்து நாள் தள்ளிவைத்தோம். தூரத்து ஊர்களிலிருந்து ரயிலுக்குப் பதிவு செய்திருந்தவர்களுக்கு அது சிரமமாயிற்று. சிலர் வருத்தப்பட்டுக் கடிதமும் எழுதினீர்கள். அந்தப் பத்து நாளில் நடந்ததைச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதற்கு முன் இன்னொரு கேள்வி. ஒரு சபை மூப்பர் எங்களிடம் நேராகவே கேட்டார்: "ஏ.சி.க்கா ஐயா இவ்வளவு பணம்? அதில் எத்தனை கட்டில் வாங்கலாம்! சுவரில் இரண்டு ஸ்பிலிட் ஏ.சி. மாட்டினால் போதாதா?" அவர் கேட்டதில் தவறில்லை. மதிப்பீட்டுத் தாளைப் பார்த்த அன்று நாங்களும் எங்கள் அறுவை மருத்துவரிடம் அதையேதான் கேட்டோம்.

"குளிர் இரண்டாவது விஷயம் ஐயா. இது புண்ணுக்காக" என்றார் அவர்.

மனித உடம்பிலிருந்து தோல் துகள்கள் எந்நேரமும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சில, கிருமிகளைச் சுமந்துகொண்டு காற்றில் மிதக்கின்றன. அறுவை நடக்கும்போது மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், செவிலியர் என்று பலர் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். நடுவில் திறந்த காயம். ஸ்பிலிட் ஏ.சி. அறையில் உள்ள அதே காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுத்து ஊதுகிறது. அதன் வலை தூசியைக் கொஞ்சம் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. உள்ளே ஈரம் தங்குவதால் பூஞ்சை வளரவும் இடமுண்டு.

இதை உலகத்துக்கு உணர்த்தியவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய சர் ஜான் சார்ன்லி. 1960களில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையை அவர் தொடங்கிய காலத்தில், நூற்றுக்கு ஏழு பேர் அளவில் மூட்டில் சீழ் பிடித்தது. வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கும் ஓர் அடைப்பை அமைத்து, அறுவை உடைகளையும் மாற்றினார். சில ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. பிறகு 8,000க்கும் மேற்பட்ட மூட்டு அறுவைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1982-ல் வெளியானது. சாதாரணக் காற்றோட்டத்தில் 1.5 சதவீதமாக இருந்த ஆழ்ந்த தொற்று, மிகத் தூய காற்றில் 0.6 சதவீதமாகக் குறைந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிக அதிகச் செலவாகும் 'லாமினார்' காற்றோட்டத்தால் கூடுதல் பலன் உறுதியாகவில்லை என்று கருதி, மூட்டு மாற்று அறுவைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஆலோசனை கூறியது. ஆகவே அதற்கு உங்கள் காணிக்கையைச் செலவிடவில்லை. ஆனால் வடிகட்டிய காற்றே வேண்டாம் என்று அந்த ஆலோசனை சொல்லவில்லை. அறுவை அறைக்குள் மணிக்கு 20 முறையாவது காற்று மாற வேண்டும், அதில் 4 பங்கு வெளியிலிருந்து வரும் புதிய காற்றாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் விதி. ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறை என்றால், மணிக்கு 2,160 கனமீட்டர் காற்று வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அறை முழுவதும் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூச்சு எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடியில், இரட்டைத் தகடு போட்ட பெரிய பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். ஏர் ஹாண்ட்லிங் யூனிட் என்பார்கள். வேலையாட்கள் சுருக்கமாக ஏ.எச்.யு. என்பார்கள். வெளிக்காற்றும் அறையிலிருந்து திரும்பும் காற்றும் அதில் கலந்து, முதல் ஃபில்டரைக் கடந்து, குளிர்ந்த காயிலில் ஈரத்தை இழந்து, ப்ளோயரால் தள்ளப்பட்டு, இன்னும் நுண்ணிய ஃபில்டரைக் கடந்து டக்டுக்குள் போகிறது. அறையின் கூரையில் கடைசியாக இருப்பது ஹெபா ஃபில்டர். 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில்கூட 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும்.

டக்ட் வேலையை முன்நின்று செய்தவர் ஒரு நடுத்தர வயது மேஸ்திரி. அவருடைய ஆட்கள் ஜி.ஐ. தகட்டுக் குழாய்களை இறக்கியதும், ஒவ்வொன்றின் இரு வாயையும் பாலிதீன் தாளால் கட்டினார்கள். கட்டிட வேலையின் சிமெண்டுத் தூசி உள்ளே போனால் அது பின்னால் அறைக்குத்தான் வரும். மாட்டுமுன் உள்பக்கத்தைத் துடைத்தார்கள். இணைப்புக்கு இணைப்பு காஸ்கெட் வைத்து, போல்ட் முடுக்கி, மூலைகளில் சீலண்ட் பூசினார்கள். ப்ளோயரின் அதிர்வு டக்டுக்கு ஏறாதபடி, இரண்டுக்கும் நடுவில் கேன்வாஸ் இணைப்பு வைத்தார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த தகடு வியர்த்து, ஃபால்ஸ் சீலிங்கில் சொட்டி, பூஞ்சை பிடிக்கும். அதனால் வெளிப்பக்கம் முழுவதும் காப்புப் போர்த்தி, அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்டினார்கள்.

காயிலுக்கு அடியில் தண்ணீர் வடியும் தட்டின் குழாயை மட்டும் அவர் இரண்டு முறை மாற்றினார். ஏனென்று கேட்டோம். "ஐயா, ப்ளோயர் உள்ளே உறிஞ்சுகிற வேகத்தில், வளைவு ஆழமில்லாவிட்டால் தண்ணீர் வெளியே போகாது. தட்டிலேயே நிற்கும். பாசி பிடிக்கும்" என்றார். அவ்வளவு சிறிய ஒரு வளைவு!

பிரதிஷ்டைக்கு மூன்று நாள் முன்பு சோதனை நடந்தது. ஃபில்டருக்கு மேல்பக்கம் நுண்ணிய எண்ணெய்ப் புகையைச் செலுத்தி, கீழ்ப்பக்கம் ஒரு கருவியால் அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். ஒரு மூலையில் முள் துள்ளியது. ஃபில்டரைத் தாங்கும் சட்டம் அங்கே சற்றுக் கோணியிருந்தது. அதனால் காஸ்கெட் சரியாக அமுங்கவில்லை. இடைவெளி ஒரு நெல்மணி அளவுதான்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வெட்கத்தோடு சொல்கிறோம். "பிரதிஷ்டை முடியட்டும் தம்பி, பிறகு சரி செய்துகொள்ளலாம்" என்றோம். அழைப்பிதழ் போய்விட்டதே! அவர் பணிவாகத்தான் பேசினார், ஆனால் அசையவில்லை. "காற்று வழி தேடும் ஐயா. ஃபில்டருக்குள் நுழைவது அதற்குக் கஷ்டம், இந்த ஓட்டையில் நுழைவது சுலபம். ரிப்பனை என்றைக்கும் வெட்டலாம். வயிற்றைத் திறந்த பிறகு நாம் ஓட்டையைத் தேட முடியாது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். மருத்துவரும் அவர் பக்கம் நின்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம்.

ஃபில்டரைக் கழற்றினார்கள். விரல் பட்டாலே கிழியக்கூடிய தாள் அது. கழற்றும்போது ஓரிடத்தில் சேதமாயிற்று. புதியது நகரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. சட்டத்தை மட்டம் பார்த்துத் திருத்தி, அறையை மறுபடி கழுவி, மறுபடி சோதித்தார்கள். முள் அசையவில்லை. கதவைச் சற்றே திறந்து வாசலில் புகை காட்டினோம். புகை வெளியே தாழ்வாரத்துக்கே போயிற்று, உள்ளே வரவில்லை. அறைக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதற்கு அதுவே சாட்சி. அன்றுதான் அவர் கையெழுத்திட்டார். பத்து நாட்கள் இப்படிப் போயின.

அன்பானவர்களே, கட்டிலுக்குக் கொடுத்தால் கட்டிலின் தலைமாட்டில் பெயர்ப்பலகை வைக்கலாம். டக்டில் வைக்க முடியாது. நீங்கள் கொடுத்தது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, யாரும் நிமிர்ந்து பார்க்காத இடத்தில் இருக்கிறது. அங்கே படுத்திருக்கும் தாய் மயக்கத்தில் இருப்பாள். தன் முகத்தின்மேல் இறங்கும் காற்றைப் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய புண் சீழ் வைக்காமல் ஆறி வீடு போய்ச் சேர்ந்தால், அதுதான் உங்கள் பெயர்ப்பலகை.

இன்னும் ஒரு வார்த்தை. ஃபில்டர்கள் ஒருமுறை வாங்கி முடிந்துபோகிற பொருள் அல்ல. தூசி சேரச் சேர அழுத்த மானியில் அளவு ஏறும். குறித்த அளவு வந்ததும் மாற்றியாக வேண்டும். வடிகால் தட்டைக் கழுவ வேண்டும். சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். திறப்பு விழாவுக்குக் கொடுப்பவர்கள் பலர் உண்டு. மூன்றாம் வருஷத்து ஃபில்டருக்குக் கொடுப்பவர்கள் குறைவு. உங்களில் சிலராவது அதற்கென்று வருஷாவருஷம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பீர்களானால் எங்கள் பாரம் குறையும்.

அந்த மூப்பர் பிரதிஷ்டைக்கு வந்திருந்தார். அவரை மாடிக்கு அழைத்துப் போய்ப் பெட்டியைக் காட்டினோம். வெகுநேரம் ஓசையைக் கேட்டபடி நின்றுவிட்டு, "ஃபில்டர் என்ன விலை ஐயா?" என்று கேட்டார்.