ஏரிக்கரை நடையும் ஊரார் கடமையும்



விடுமுறை நாட்களில் நகரத்து மக்கள் இயற்கை எழிலை நாடிக் கிராமங்களுக்கு வருகின்றனர். அவர்களை வரவேற்கும் ஊர் எதைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு வேடந்தாங்கல் நமக்கு நல்ல பாடமாக விளங்குகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள இவ்வேரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் நாரைகளும், கூழைக்கடாக்களும், நீர்க்காகங்களும், அரிவாள்மூக்கன்களும் ஆயிரக்கணக்கில் வந்து, நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை ஏரிக்கரைப் பாதையில் நடந்தும், காட்சிக் கோபுரத்தில் ஏறியும் இவற்றைக் கண்டு மகிழலாம்.

பறவைகளின் எச்சம் நீரில் கலப்பதால் தழைச்சத்தும் மணிச்சத்தும் பெருகுகின்றன. அந்நீர் பாயும் வயலுக்கு அது செலவில்லாத எருவாகும். இந்நன்மையை உணர்ந்த ஊரார், சட்டம் வருமுன்னரே பறவைகளைக் காத்து வந்தனர். வேட்டையைத் தடுக்க வேண்டுமென்று முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேசிடம் உரிமைப் பத்திரமும் பெற்றனர். 1936இல் இது சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

நடைபாதை கரையோடு நின்றுவிடுவது ஏன்? மனிதர் நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைவிட்டு எழும். முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகும். தொல்லை தொடர்ந்தால் பறவைகள் வேறிடம் தேடிச் செல்லும். அப்போது காண வருவோருக்குக் காட்சியும் இராது. உழவருக்கு எருவும் இராது.

ஆகையால், நம் ஊர் ஏரியிலும் பறவைகள் தங்குமாயின், நடைபாதையைக் கரையோடு நிறுத்துவோம். வருவோரிடம் அமைதியை வேண்டுவோம். வெடியையும் ஒலிபெருக்கியையும் விலக்குவோம். பிளாஸ்டிக் குப்பை நீரில் விழாமல் தொட்டிகள் வைப்போம். யாவற்றிற்கும் மேலாக, மழைக்கு முன்பே வரத்துக் கால்வாய்களைத் தூர் எடுப்போம். ஏரி வறண்டால் எத்தனை அழகிய பாதை அமைத்தும் பயனில்லை, பறவைகள் வாரா.

விருந்தினர் ஒரு நாள் வந்து செல்வர். ஏரியும் வயலும் நம் பிள்ளைகளுக்கு உரியவை. அவற்றைக் காத்து, அதன்பின் விருந்தினரை அழைப்போமாக!