கோமாளிக் கச்சேரி



ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள், அறிவுரை இல்லை. ஒரு கதை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1962. லண்டன். ஓவியம் படிக்கும் மாணவர்கள் சிலர், பழைய சாமான் சந்தைகளில் 1920-களின் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, அந்தக் காலத்து ஜாஸ் பாட்டுகளையும் நகைச்சுவைப் பாட்டுகளையும் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு கார்ட்டூன் நாயின் பெயரையும் 'டாடா' என்ற கலை இயக்கத்தின் பெயரையும் சேர்த்து, குழுவுக்கு 'பான்ஸோ டாக் டாடா பேண்ட்' என்று பெயர். 'டாடான்னா என்னய்யா?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி அலுத்துப்போய், அதை 'டூடா' ஆக்கிவிட்டார்கள்!

1966-ல் வந்தது சோதனை. 'நியூ வாட்வில் பேண்ட்' என்ற பெயரில் அதே பழைய பாணியில் ஒரு பாட்டு வெளியாகி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மேடையேற அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நம்மவர்களின் டிரம்பெட்காரர் பாப் கெர் அங்கே போய்விட்டார். பாணியும் போச்சு, ஆளும் போச்சு!

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மூட்டை கட்டவில்லை. ராக், புளூஸ், எல்விஸ் பாணி என்று எல்லாவற்றையும் ஜாஸோடு கலந்து கேலி செய்தார்கள். விவியன் ஸ்டான்ஷால் மேடையில் கனவான் போல நின்று கோணங்கித்தனம் செய்வார். ரோஜர் ரஸ்கின் ஸ்பியர் பொம்மை மனிதர்களைச் செய்து மேடையேற்றுவார். பேன்ட்டுக்கு மடிப்பு வைக்கும் கருவியைக்கூட வாத்தியமாக்கினார். நீல் இன்னஸ் ஒரு பாட்டில் கிட்டாரை வேண்டுமென்றே படுமோசமாக வாசிப்பார். மாணவர்களே, கவனியுங்கள்: சரியாக வாசிக்கத் தெரிந்தவன்தான் சிரிப்பு வருகிற மாதிரி தப்பாக வாசிக்க முடியும்.

1967-ல் 'கொரில்லா' என்ற முதல் ஆல்பம். அதே ஆண்டு பீட்டில்ஸின் தொலைக்காட்சிப் படத்தில் இடம். 1968-ல் இன்னஸ் எழுதிய ஒரு பாட்டு பிரிட்டனில் ஐந்தாம் இடம் பிடித்தது. அதன் தயாரிப்பில் புனைபெயரில் இருந்தவர் பால் மெக்கார்ட்னி!

1970-ல் பிரிந்தார்கள். 1995-ல் ஸ்டான்ஷால் காலமானார். 2006-ல் லண்டனில் மற்றவர்கள் மறுபடி மேடையேறினார்கள். அந்த மேடையில் டிரம்பெட்டோடு பாப் கெரும் நின்றார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் ஹாஸ்டலிலும் தட்டும் டம்ளருமாக ஒரு கோஷ்டி இருந்தது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் மௌத் ஆர்கன்காரன் வெளியே ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். நான் கோபத்தில் கோஷ்டியையே கலைத்தேன். அவனோடு பேச்சையும் நிறுத்தினேன். அவன் குற்றம் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் ஒரு கடிதம் போடவில்லை.

அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மௌத் ஆர்கனை எடுத்துக்கொண்டு வா. தட்டு நான் கொண்டு வருகிறேன்.